கவ்பாய் நகரம் ஃபோர்ட் வொர்த்: சுற்றுலா வழிகாட்டி காட்டுவது எந்தக் காலத்தை?

டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு மேற்கே சுமார் 30 மைல் தள்ளி இருக்கிறது ஃபோர்ட் வொர்த். 2024-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் அதன் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் 11-வது பெரிய நகரம் என்ற இடமும் கிடைத்தது. 2026 உலகக் கோப்பைக் கால்பந்தில் 9 ஆட்டங்கள் பக்கத்து ஊரான ஆர்லிங்டனுக்கு ஒதுக்கப்பட்டதிலிருந்து இந்தப் பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. கூடவே, ஊரைச் சுற்றிக் காட்டும் பயணங்களின் விளம்பரங்களும் வருகின்றன. "கவ்பாய் நகரம்", "மாட்டு நகரம்", "மேற்கு தொடங்கும் இடம்" என்று ஆளுக்கொரு பட்டம்.

போய் வந்தவர்கள் பலருக்கும் ஒரு குழப்பம் மிஞ்சுகிறது. வழிகாட்டி 1870-களின் மாட்டு மந்தைகளைப் பற்றிப் பேசுகிறார். அவர் காட்டும் கட்டடமோ 1902-இல் கட்டியது. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன மதுக்கடையின் பெயர்ப்பலகை ஒரு தெருவில் தொங்குகிறது. சண்டை நடந்ததோ சில மைல் தெற்கே வேறொரு தெருவில். நீண்ட கொம்பு மாடுகள் தினமும் இரண்டு வேளை தெருவில் நடக்கின்றன. அந்த வழக்கம் தொடங்கியது 1999-இல். அப்படியென்றால் இதில் எது நிஜம், எது வேடம்?

பெரும்பாலும் எல்லாமே நிஜம்தான். ஆனால் மூன்று வெவ்வேறு காலங்களின் நிஜம் ஒரே தெருவில் கலந்து கிடக்கிறது: மந்தைகளை நடத்திப்போன காலம், ரயிலும் இறைச்சி ஆலையும் கோலோச்சிய காலம், பழமையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய காலம். இரண்டாவது வந்ததும் முதலாவது அழிந்தது. இரண்டாவது நொடித்த பிறகுதான் மூன்றாவது பிறந்தது. இந்த வரிசை புரிந்துவிட்டால், வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு கதையையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. கவ்பாய்: குதிரையில் போய்க் கூலிக்கு மாடு மேய்ப்பவர். மந்தைகளை நடத்திப்போன பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 முதல் 40 டாலர், அதுவும் பயணம் முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். கயிற்றைச் சுழற்றிச் சுருக்கு வீசுவது, அடையாளத்துக்குச் சூடு போடுவது, முள்ளிலிருந்து காலைக் காக்கும் தோல் உறை என்று இந்தத் தொழிலின் அடிப்படைகள் அத்தனையும் மெக்சிகோவின் மாடு மேய்ப்பர்களான வக்கேரோக்களிடமிருந்து வந்தவை.

2. லாங்ஹார்ன்: ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் டெக்சாஸின் புதர்க்காடுகளில் தன்போக்கில் பெருகியதால் உருவான வகை. கொம்புகள் நுனிக்கு நுனி 6 அடியைத் தாண்டும். கறி குறைவு. ஆனால் கொஞ்சம் புல், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், நாள்கணக்கில் நடக்கும்.

3. டிரெயில்: மந்தை நடந்துபோகும் தடம். போட்ட சாலை கிடையாது. புல்லும் தண்ணீரும் இருக்கும் பக்கமாக அகன்றும் குறுகியும் போகும் வழி.

4. ஸ்டாக்யார்ட்ஸ்: ரயிலில் வரும் கால்நடைகளை இறக்கி, பட்டிகளில் அடைத்து, தீவனமும் தண்ணீரும் காட்டி, தரகர்கள் மூலம் விற்கும் மொத்தச் சந்தை. மந்தைகள் நடந்த காலத்தில் ஃபோர்ட் வொர்த்தில் இப்படி ஒரு சந்தை கிடையாது. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மாட்டை ஏன் நடத்திக்கொண்டு போனார்கள்?

ஃபோர்ட் வொர்த் 1849 ஜூன் 6 அன்று ஒரு ராணுவ முகாமாகத் தொடங்கியது. மேஜர் ரிப்ளி அர்னால்ட் என்ற அதிகாரி, டிரினிட்டி ஆற்றின் மேட்டுக்கரையில் அதை அமைத்தார். பெயர், அதற்கு முந்தைய மாதம் காலராவில் இறந்த ஜெனரல் வில்லியம் வொர்த்துடையது. 1853-இல் ராணுவம் மேற்கே நகர்ந்துவிட்டது. ஆள் போன முகாமில் கடைக்காரர்கள் குடியேறினார்கள். அத்தோடு அது ஒரு சிற்றூராகவே நின்றிருக்கலாம்.

அதை மாற்றியது விலை வித்தியாசம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் டெக்சாஸ் தோற்ற பக்கத்தில் இருந்தது. ஆண்கள் போருக்குப் போயிருந்த நான்கு ஆண்டுகளில் மாடுகள் கேட்பாரற்றுப் பெருகின. உள்ளூரில் ஒரு மாடு சுமார் 4 டாலர். வாங்க ஆள் இல்லை. வடக்கே நகரங்களில் அதே மாட்டுக்கு 40 டாலர் வரை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இடையில் ரயில் இல்லை. மாட்டுக்குக் கால் இருக்கிறது, நடத்திப் போக வேண்டியதுதான்.

1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி, கன்சாஸ் மாநிலத்தின் ஆபிலீன் என்ற ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டி மாட்டுப் பட்டிகளைக் கட்டினார். டெக்சாஸிலேயும் ஓர் ஆபிலீன் இருக்கிறது; அது வேறு. தெற்கு டெக்சாஸிலிருந்து மந்தைகள் அந்தக் கன்சாஸ் ஆபிலீனை நோக்கி நடந்தன. நடுவில் இருந்த பூர்வகுடிகளின் பிரதேசத்தில், ஜெஸ்ஸி சிஸம் என்ற வியாபாரியின் வண்டித் தடம் ஏற்கெனவே இருந்தது. அவர் தந்தை ஸ்காட்டிஷ் வழி, தாய் செரோக்கி பூர்வகுடி. பிற்பாடு முழுப் பாதைக்கும் சிஸம் டிரெயில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரோ 1868-லேயே இறந்துவிட்டார்; மந்தை நடத்தும் தொழிலில் அவர் இருந்ததே இல்லை.

ஃபோர்ட் வொர்த்தின் பங்கு இதில் என்ன? சிவப்பு ஆற்றைக் கடந்து பூர்வகுடிப் பிரதேசத்துக்குள் நுழையும் முன் சாமான் வாங்கக் கிடைத்த கடைசிப் பெரிய ஊர் அதுதான். மாவு, பன்றிக்கறி, காப்பி, அவரை, தோட்டா எல்லாம் இங்கே வாங்க வேண்டும். தெற்கிலிருந்து ஊர் வழியாக வரும் மந்தை, மேட்டிலிருந்து இறங்கி டிரினிட்டி ஆற்றைக் கடந்து, வடகரையில் தங்கி மேயும். ஆட்கள் ஊருக்குள் போவார்கள். 1866 முதல் 1890 வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இந்த ஊரைக் கடந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு மந்தை எப்படி நகர்ந்தது என்பதையும் பார்த்துவிடலாம், வழிகாட்டிகள் நிறையப் பேசும் இடம் இது. 2,500 மாடுகளுக்கு 10 முதல் 12 ஆட்கள். முன்னால் வழி திருப்பும் இருவர், இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு போகிறவர்கள், கடைசியில் நொண்டும் மாடுகளையும் கன்றுகளையும் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள். கடைசி வரிசை எப்போதும் புது ஆட்களுக்குத்தான். மொத்த மந்தையின் புழுதியும் அவர்கள் மூக்கில். ஆளுக்குப் பல குதிரைகள் தேவைப்படும் என்பதால் குதிரைகளை மட்டும் மேய்க்க ஒரு பையன். சமையல் வண்டி முன்னால் போய் இடம் பிடிக்கும். சமையல்காரருக்குக் கவ்பாயை விடச் சம்பளமும் மரியாதையும் அதிகம். ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைல், அதற்கு மேல் ஓட்டினால் மாடு இளைத்துவிடும், இளைத்த மாட்டுக்கு விலை கிடைக்காது. இரவில் முறை வைத்துக் காவல். இடி இடித்தால் மந்தை மிரண்டு ஓடும். இருட்டில் குதிரையிலிருந்து விழுந்தும், வெள்ளத்தில் ஆறு கடக்கும்போது மூழ்கியும் செத்தவர்கள் பலர். துப்பாக்கிச் சண்டை இவர்களுடைய பெரிய பயமே இல்லை.

இருபது ஆண்டுகளில் ஏன் முடிந்தது?

சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு, கவ்பாய் காலம் என்றால் ஒரு யுகம் நீடித்தது போலத் தோன்றும். பெரிய மந்தைப் பயணங்கள் நடந்தது சுமார் இருபது ஆண்டுகள்தான். முடித்துவைத்த காரணங்கள் மூன்று.

1. ரயில். 1873-இல் வங்கிகள் விழுந்ததில் ரயில் பாதை போடும் வேலை டல்லாஸ் பக்கமே நின்றுபோனது. ஃபோர்ட் வொர்த் காலியாகத் தொடங்கியது. தெருவில் சிறுத்தை படுத்துத் தூங்கும் அளவுக்கு அந்த ஊர் ஓய்ந்துவிட்டது என்று 1875-இல் ஒரு டல்லாஸ் பத்திரிகையில் கேலி வந்தது. ஊர்க்காரர்கள் அந்தச் சிறுத்தையையே தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் நகரப் போலீஸ் வில்லையில் அது இருக்கிறது. பிறகு அவர்களே ஒரு கட்டுமான நிறுவனம் தொடங்கி, மிச்சமிருந்த 26 மைல் பாதையை முடிக்க இறங்கினார்கள். 1876 ஜூலை 19 அன்று முதல் ரயில் வந்தது. ரயில் வந்துவிட்ட ஊரில் மாட்டைக் கன்சாஸ் வரை நடத்த வேண்டிய தேவை மெல்ல மெல்லக் குறைந்தது.

2. முள்கம்பி. 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கிய முள்கம்பி, மலிவாக வேலி போட வழி செய்தது. திறந்த புல்வெளி பத்தே ஆண்டில் தனியார் நிலங்களாகப் பிரிந்தது. மந்தை நடக்க வழி இல்லாமல் போனது.

3. உண்ணி. இது அவ்வளவாகப் பேசப்படாத காரணம், ஆனால் மூன்றிலும் சுவையானது. டெக்சாஸ் மாடுகள் கடந்துபோன இடங்களில் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன. டெக்சாஸ் மாடுகளோ நோயின் சுவடே இல்லாமல் நன்றாக நடந்தன. காரணம் தெரியாமலே கன்சாஸ் விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து மந்தைகளைத் தடுத்தார்கள். தடைக்கோடு ஆண்டுக்கு ஆண்டு மேற்கே நகர்ந்தது. 1885-இல் கன்சாஸ் டெக்சாஸ் மாடுகளுக்குக் கதவையே அடைத்துவிட்டது. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1893-இல் வெளியிட்ட ஆய்வுதான் விடையைச் சொன்னது: நோயைக் கடத்துவது மாட்டு உண்ணி. டெக்சாஸ் மாடுகள் கன்றாக இருக்கும்போதே அந்தக் கிருமிக்குப் பழகிவிட்டதால் தப்பித்தன. உண்ணி, பூச்சி போன்ற கணுக்காலி ஒன்று விலங்குகளுக்கு நோயைக் கடத்துகிறது என்பதை அறிவியல் உறுதியாக நிறுவிய முதல் சில நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. கொசுவும் மலேரியாவும் குறித்த தெளிவு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

இந்த உண்ணிப் பிரச்சினையில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. உண்ணியையும் வெயிலையும் தாங்கும் மாடுகளைத் தேடிய டெக்சாஸ் பண்ணையாளர்கள் இந்திய மாடுகளை வரவழைத்தார்கள். 1906-இல் தெற்கு டெக்சாஸ் பண்ணை ஒன்றுக்காக இந்தியாவிலிருந்தே நேரடியாகக் காளைகள் கப்பலேறின. கிர், குஜராத்தின் காங்க்ரேஜ் வகை, கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் வட்டார மாடு ஆகியவற்றின் கலப்பில் உருவானதுதான் இன்றைய அமெரிக்க பிராமன் இனம். ஃபோர்ட் வொர்த் ரோடியோவில் (கவ்பாய் வித்தைப் போட்டி) காளைச் சவாரிக்கு அவிழ்த்துவிடும் காளைகளைக் கவனியுங்கள். பலவற்றில் திமிலும் தொங்கும் அலைதாடியும் தெரியும். அந்த ரத்தம் இந்தியாவிலிருந்து போனது.

லாங்ஹார்னின் கதி நேர் எதிர். கொழுத்த ஐரோப்பிய இன மாடுகளுக்குக் கிராக்கி வந்ததும் அதை யாரும் வளர்க்கவில்லை. அழியும் நிலைக்கு வந்த பிறகு, 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய 3,000 டாலரில், வனத்துறைக்காரர்கள் அலைந்து திரிந்து கலப்பில்லாத சிலவற்றைத் தேடிப்பிடித்து ஒக்லஹோமாவின் விச்சிட்டா மலைக் காப்பகத்தில் வளர்த்தார்கள். அந்த முயற்சி இல்லையென்றால் இன்று தெருவில் காட்ட மாடே இருந்திருக்காது.

இரண்டாவது காலம்: சந்தையும் ஆலையும்

இப்போது ஸ்டாக்யார்ட்ஸ் பகுதிக்கு வருவோம். நகர மையத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வடக்கே மூன்று மைலுக்குள் இருக்கிறது. 1880-களின் கடைசியில் தொடங்கிய சிறு முயற்சி தடுமாறியது. 1893-இல் பாஸ்டனைச் சேர்ந்த கிரீன்லீஃப் சிம்ப்சன் அதை வாங்கினார். அவருக்கும் கூட்டாளி லூவில் நைல்ஸுக்கும் ஒன்று புரிந்தது: மாட்டை உயிரோடு சிகாகோவுக்கு அனுப்புவதைவிட இங்கேயே வெட்டி, குளிரூட்டிய ரயில் பெட்டியில் இறைச்சியாக அனுப்பினால் லாபம். எடை மிச்சம், வழியில் மாடு சாவதும் மிச்சம். அதற்கு ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரு பெரிய இறைச்சி நிறுவனங்கள் வர வேண்டும். ஊர்மக்கள் 1,00,000 டாலர் திரட்டி ஊக்கத்தொகையாகக் கொடுத்தார்கள். 1902-இல் கட்டுமானம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆலைகள் ஓடத் தொடங்கின. எந்த நிறுவனத்துக்கு எந்த இடம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள் என்றொரு கதை உண்டு. எல்லா வழிகாட்டிகளும் அதைச் சொல்வார்கள்.

சந்தை நடந்த விதம் இதுதான். மாட்டுக்காரர் ரயிலில் மாட்டை அனுப்புவார். இறக்கியதும் அவருடைய தரகர் பொறுப்பேற்பார். செங்கல் பாவிய பட்டிகளில் வயது, எடை வாரியாகப் பிரிப்பார்கள். ஆலையின் கொள்முதல் ஆட்கள் பட்டிகளுக்கு மேலே போட்ட நடைபாதையில் நடந்தபடியே கீழே பார்த்து விலை பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் எடை போட்டு ஆலைக்கு ஓட்டிவிடுவார்கள். கணக்கு, தந்தி, ரயில் பதிவு எல்லாம் லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் நடக்கும். வெள்ளைச் சுவரும் ஸ்பானியப் பாணி ஓடுமாக எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் இன்றும் நிற்கும் இந்தக் கட்டடத்தை மேற்கின் வால் ஸ்ட்ரீட் என்று அழைத்தார்கள்.

கவ்பாய் உடையில் வழிகாட்டி நிற்கும் இந்த இடம், கவ்பாயின் வேலையை ஒரு ரயில் பெட்டியும் ஒரு தரகரும் எடுத்துக்கொண்ட இடம். சுற்றுலாவில் இது தெளிவாகச் சொல்லப்படுவதில்லை என்பது என் கருத்து. சொன்னால் இடத்தின் மதிப்பு குறையாது, கூடத்தான் செய்யும்.

முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்கு குதிரையும் கோவேறு கழுதையும் இங்கிருந்து போயின. உலகிலேயே பெரிய குதிரைச் சந்தை என்ற பெயர் அப்போது வந்தது. 1912-இல் கட்டிய அந்தச் செங்கல் கொட்டகைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-இல் 52 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இந்தச் சந்தைக்கு வந்தன. அதுதான் உச்சம்.

அப்புறம் லாரிகள் வந்தன. ரயில் தேவையில்லை என்றானதும் மாட்டைப் பெரிய சந்தைக்குக் கொண்டுவரும் அவசியமும் போனது. ஊருக்கு ஊர் சிறிய ஏலச் சந்தைகள் முளைத்தன. வாங்குபவர்கள் மாடு இருக்கும் இடத்துக்கே போனார்கள். ஆர்மர் 1962-இல் மூடியது, ஸ்விஃப்ட் 1971-இல். 1986-இல் இங்கே விற்றவை வெறும் 57,181.

மூன்றாவது காலம்: பார்க்க வருகிறவர்கள்

ஆலைகள் மூடிய பின் பட்டிகள் இடிந்தன, கடைகள் காலியாயின. 1976-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் வடக்கு ஃபோர்ட் வொர்த் வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இந்தப் பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 1981-இல் ஒரு பழைய கால்நடைக் கொட்டகையில் பில்லி பாப்ஸ் டெக்சாஸ் என்ற மாபெரும் நடன, மதுக் கூடம் திறந்தது. 1999-இல், நகரத்தின் 150-வது ஆண்டையொட்டி, தினசரி மாட்டு நடை தொடங்கியது.

அந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை 11:30, மாலை 4:00. ஓட்டுபவர்கள் 19-ஆம் நூற்றாண்டு உடையில் வருவார்கள், ஆனால் நிஜமாகவே மாடு பழக்கத் தெரிந்தவர்கள். மாடுகள் எல்லாம் காயடித்த எருதுகள். அதனால்தான் இவ்வளவு நெருக்கத்தில் ஜனங்களை நிற்கவிட முடிகிறது. செங்கல் தெருவில் ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும்போது, பக்கத்து மாட்டின் மேல் படாமல் இருக்க ஒவ்வொன்றும் தலையைச் சற்றே சாய்த்துக் கொம்பை ஒதுக்கிக்கொள்ளும். அதைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மொத்தம் இருபதுக்குள் இருக்கும் மாடுகளுக்கு இத்தனை குதிரைக்காரர்கள் தேவையா என்று தோன்றும். 2,500 மாடுகளுக்குப் பன்னிரண்டு பேர் என்ற பழைய கணக்கை அப்போது நினைத்துப் பார்த்தால், அந்த இளைஞர்கள் செய்த வேலையின் அளவு புரியும்.

பார்வையாளர்கள் பெருகியதன் விளைவு இரட்டை முகம் கொண்டது. வருமானம் இருப்பதால் கட்டடங்கள் இடியாமல் நிற்கின்றன. அதே வருமானத்தால் புதுக் கட்டுமானத்துக்கு நெருக்கடியும் வருகிறது. 2015-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, ஆபத்தில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் ஸ்டாக்யார்ட்ஸையும் சேர்த்தது. குதிரைக் கொட்டகைகள் இப்போது சீரமைக்கப்பட்டு மியூல் ஆலி என்ற பெயரில் கடைகளும் உணவகங்களுமாக ஆகிவிட்டன. சுவர் தப்பித்தது, உள்ளே இருந்த தொழிலின் தடயம் மெலிந்துவிட்டது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருந்த பட்டிகளில் மிச்சம் கொஞ்சம்தான். அவற்றையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

நிற்கும் இடங்களும் அவற்றின் காலமும்

- மேட்டுக்கரையும் டாரண்ட் கவுன்டி நீதிமன்றமும்: ராணுவ முகாம் இருந்த இடம் இந்தப் பக்கம்தான். மந்தைகள் ஆற்றில் இறங்கியதும் இங்கே. இளஞ்சிவப்புக் கருங்கல் நீதிமன்றம் 1895-இல் முடிந்தது. செலவு அதிகம் என்று கோபப்பட்ட வாக்காளர்கள், அதைக் கட்டச் சொன்ன நிர்வாகிகளைத் தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

- வாட்டர் கார்டன்ஸ், மாநாட்டு மையம்: முதல் காலத்தின் மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் நெருக்கியடித்து நின்ற ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர் பகுதி இதுதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1974-இல் திறந்த நீர்ப்பூங்காவை வடிவமைத்தவர் ஃபிலிப் ஜான்சன்.

- சன்டான்ஸ் ஸ்கொயர்: கொள்ளைக்காரர்கள் புட்ச் காசிடி, சன்டான்ஸ் கிட் இருவரும் கூட்டாளிகளுடன் 1900 நவம்பரில் இந்த ஊர் ஸ்டூடியோ ஒன்றில் கனவான்கள் போல உடுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படமே அவர்களைத் துப்பறிவாளர்களிடம் காட்டிக்கொடுத்தது. சதுக்கத்தின் பெயருக்குக் காரணம் இதுதான்.

- வைட் எலிஃபன்ட் சலூன் (மதுக்கடை): 1887 பிப்ரவரி 8 அன்று சூதாடி லூக் ஷார்ட், முன்னாள் போலீஸ் அதிகாரி ஜிம் கோர்ட்ரைட்டைச் சுட்டுக்கொன்றார். அந்தச் சலூன் இருந்தது நகர மையத்தின் மெயின் தெருவில். ஸ்டாக்யார்ட்ஸில் இருப்பது பிற்காலத்தில் அதே பெயரில் வந்த கடை.

- கவ்டவுன் கொலிசியம்: 1908-இல் 88 நாளில் எழுந்த அரங்கம். 1918-இல் இங்கே நடந்தது உலகின் முதல் உள்ளரங்க ரோடியோ என்று ஊர் பெருமைப்படுகிறது. வாராவாரம் வெள்ளி, சனி இரவுகளில் ரோடியோ உண்டு.

- கலாச்சார வட்டாரம்: கவ்கேர்ள் அருங்காட்சியகம் பெண்களின் பங்கைச் சொல்கிறது. பக்கத்திலேயே கிம்பெல் கலைக்கூடம். அகமதாபாத் ஐஐஎம் கட்டடங்களை வடிவமைத்த லூயி கான்தான் இதையும் வடிவமைத்தார்.

அவசரச் சுற்றுலாவில் விடுபடும் ஆட்கள்

மேற்கத்தியப் படங்கள் காட்டிய கவ்பாய் வெள்ளைக்காரர். மந்தை நடத்தியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாளர்கள் பலர் சொல்லும் மதிப்பீடு, மெக்சிக்கர்களும் நிறைய. கொலிசியத்துக்கு முன் இருக்கும் வெண்கலச் சிலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது பில் பிக்கெட். ஓடும் குதிரையிலிருந்து எருதின் மேல் பாய்ந்து, கொம்பைப் பிடித்துத் திருகி, அதன் உதட்டைப் பல்லால் கடித்துச் சாய்க்கும் முறையைப் பிரபலமாக்கியவர். கடிப்பதை விட்டுவிட்டு மற்றதை ரோடியோவில் இன்றும் போட்டியாக நடத்துகிறார்கள். நம் ஊர் ஏறுதழுவுதலைப் பார்த்தவர்கள் இந்தப் போட்டியைத் தனிக் கவனத்தோடு பார்ப்பார்கள்.

கொமான்சி பூர்வகுடிகளின் தலைவர் குவானா பார்க்கருக்கும் இங்கே சிலை உண்டு. மந்தைகள் நடந்த புல்வெளிகள் அவருடைய மக்களின் வேட்டைக் களங்கள். அவை பறிபோன பிறகு, மிஞ்சிய நிலத்தை மாட்டுப் பண்ணையாளர்களுக்கு மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டுத் தன் மக்களுக்கு வருமானம் தேடிக்கொடுத்தார்.

இன்னொரு பெயர் ஃப்ரெட் ரவுஸ். 1921 டிசம்பரில் இறைச்சி ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஸ்விஃப்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த கறுப்பினத் தொழிலாளி. வேலை முடிந்து வெளியே வந்தவரை வேலைநிறுத்தக்காரர்களின் கூட்டம் குற்றுயிராக அடித்தது. மருத்துவமனையில் கிடந்தவரை டிசம்பர் 11 இரவு ஒரு கும்பல் தூக்கிப்போய் மரத்தில் தொங்கவிட்டது. நூறாண்டு கழித்து, 2021-இல், அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். ஸ்டாக்யார்ட்ஸின் பொற்காலம் என்று வழிகாட்டி சொல்லும் ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. ஆலையில் கத்தி பிடித்தவர்களின் கதை இல்லாமல் அந்தச் சந்தையின் கதை முழுமையாகாது. வழிகாட்டி தானாகச் சொல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் பார்ப்பதென்றால்

1. தெற்கிலிருந்து வடக்கே போங்கள். மந்தைகள் போன திசையும் அதுதான். வாட்டர் கார்டன்ஸில் தொடங்கி, மெயின் தெரு வழியாக நீதிமன்றம், அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஸ்டாக்யார்ட்ஸ். காலங்களும் இதே வரிசையில் ஓரளவு விரியும்.

2. எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தை விடாதீர்கள். பழைய பட்டிகளின் படங்களை அங்கே பார்த்துவிட்டு வெளியே வந்தால், வெறும் நிறுத்துமிடமாகத் தெரிந்த இடத்தின் பழைய அளவு பிடிபடும்.

3. எக்ஸ்சேஞ்ச் அவென்யூவின் கிழக்குக் கோடி மேட்டில்தான் ஆலைகள் நின்றன. பெரும்பாலான சுற்றுலாக்கள் அதற்கு முன்பே திரும்பிவிடும். நேரம் இருந்தால் நீங்களே நடந்து போங்கள்.

4. டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் (DFW) விமான நிலையத்திலிருந்து வருபவர்களுக்கு டெக்ஸ்ரெயில் ரயில் வசதி. நார்த் சைடு நிலையம் ஸ்டாக்யார்ட்ஸுக்கு அருகில் இருக்கிறது.

5. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் காலை 11:30 நடையை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் பக்கம் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போனால் நிழலில் இடம் கிடைக்கும். கடும் வெயிலிலோ மழையிலோ மாடுகளை வெளியே விடாமல் போகலாம் என்பதால், அன்று காலையே ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.